அவசரம் லேது

1

பேராசிரியர் முனிரத்தினம் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவருடைய பென்ஷன் விண்ணப்பத்தை ஆறு பிரதி எடுத்து, ஓரத்தில் துளை போட்டு, நாடா கட்டிக் கொடுத்தவன் நான். அரசாங்கம் என்பது மனிதன் தலையில் தேவையில்லாமல் ஏற்றி வைத்த சுமை என்று ஆயுள் முழுவதும் எழுதியும் பேசியும் வந்தவர் அவர். அதே அரசாங்கத்திடம் மாதாமாதம் பென்ஷன் கேட்கும் தாள்களை என் கடை மேசையில் வைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கு வெல்லம் தின்றதுபோல இருந்தது.

மறைத்து என்ன பயன். எனக்கு அவர் மேல் பொறாமை. நேற்று இன்று வந்ததல்ல, இருபத்து நாலு வருடப் பொறாமை.

நான் ஏகாம்பரம். சோளிங்கர் பக்கத்துக் கிராமம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஊரை விட்டுப் போனவன் என்றால் கனடா, லண்டன் என்று நினைப்பீர்கள். நான் போன வெளிநாடு திருப்பதி. பஸ் ஏறினால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நகரி தாண்டியதும் பெயர்ப்பலகையில் எழுத்துகள் உருண்டையாகிவிடும். எழுத்து மாறிவிட்டால் அப்புறம் மூன்று மணி நேரமானாலும் மூன்று கடலானாலும் ஒன்றுதான். இங்கே பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, டிபன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

பொறாமைக்குக் காரணம் கேட்டால் அடுக்கிக்கொண்டே போகலாம். அவர் மேடையில் பேசும்போது கையில் தாள் இருக்காது. மாணவர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். என்னைக் கண்டால், "அன்னா, டபுள் சைடு" என்பார்கள். அவர் நிஜமான வெளிநாட்டுக்குப் போய், படித்து, திரும்பியும் வந்தார். அவரைத் திட்டி நோட்டீஸ் போட்டவர்கள் உண்டு. அந்த நோட்டீஸையும் என் கடையில்தான் எடுத்தார்கள். என்னைத் திட்டி இதுவரை ஒருவரும் ஒரு துண்டுச் சீட்டு எழுதியதில்லை.

இதையெல்லாம் தமிழில் எழுதுவதால் தைரியமாக எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என் மகளுக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

2

முதலில் சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையில் இரண்டு சீசன் வேலை செய்தேன். கூட வேலை செய்தவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசினார்கள். அதனால் தெலுங்கு இல்லாமலே காலம் ஓடிவிட்டது. கல்யாணமாகி, வசந்தாவை அழைத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்த பிறகுதான் வாயைக் கட்டிப் போட்டதுபோல ஆயிற்று. ஒரு ஜெராக்ஸ் கடையில் கூலிக்கு நின்றேன். எத்தனை காப்பி என்று கேட்க மட்டும் கற்றுக்கொண்டேன். மற்றதற்குத் தலையாட்டினேன். இயல்பிலேயே நான் கூச்சக்காரன். மொழி தெரியாதவனுக்குக் கூச்சம் இரட்டிப்பாகிவிடும்.

அந்தச் சமயத்தில் பல்கலைக்கழகத்தில் அட்டெண்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பு போதும் என்றார்கள். மனுப் போட்டேன். வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வசந்தா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். போதாததற்கு, யூனிபார்ம் தைக்கத் துணிக்கடையில் துணியும் பார்த்து வைத்தாள்.

நீளமான மேசைக்குப் பின்னால் நாலைந்து பேர். கடைசி நாற்காலியில் ஓர் இளம் விரிவுரையாளர். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். என்ன செய்கிறாய் என்றார்கள், ஜெராக்ஸ் கடை என்றேன். சான்றிதழைப் புரட்டினார்கள். பிறகு நடுவில் இருந்த பெரியவர் கேட்டார்:

"ஈ உத்யோகம் நீக்கு அவசரமா?"

உத்யோகம் புரிந்தது. அவசரம் அதைவிட நன்றாகப் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்கு இப்படிப் பறக்கிறாயா என்று கேட்கிறார். நம் பக்கம் வளர்ந்தவன் என்ன சொல்வான்? பெரிய மனிதர்கள் எதைக் கொடுத்தாலும் உடனே கை நீட்டக் கூடாது, "இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லி நிற்கவேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு, தெரிந்த தெலுங்கையெல்லாம் திரட்டிச் சொன்னேன்:

"நாக்கு அவசரம் லேது சார்."

கடைசி நாற்காலிக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெரியவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். நான் அதே பதிலை இன்னும் பணிவாகச் சொன்னேன். அவர் பேனாவால் தாளில் ஒரு கோடு இழுத்தார். அதையும் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பல மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடைக்கு வந்த மாணவர் ஒருவர் கத்தைத் தாளைக் கொடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் உருவி, "இதி அவசரம் லேது" என்றார். சரி, நிதானமாக எடுக்கலாம் என்று அதைத் தனியாக வைத்தேன். மற்றவற்றை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அந்தப் பக்கத்தையும் பிரதி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் சத்தியவேட்டுக்காரர், தமிழும் தெரிந்தவர். "அதான் வாணாம்னேனே அண்ணா, அவசரம் லேதுன்னா வாணாம்னு அர்த்தம்" என்றார்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இந்த வேலை உனக்குத் தேவையா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தேவையில்லை என்று நான் கை கட்டி, பல் இளித்து, இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். நாக்கு என்றால் அவர்கள் பேச்சில் 'எனக்கு'. என்னைக் கெடுத்தது நம் பேச்சில் உள்ள நாக்கு.

விளக்கிச் சொல்லலாம் என்று ஒரு தரம் அந்த அலுவலகத்துக்குப் போனேன். பாதிப் படி ஏறினேன். மேலே இருந்து யாரோ இறங்கி வந்தார்கள், அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியவன் அப்படியே கீழே இறங்கிவிட்டேன். வசந்தாவைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

3

அன்றைக்குக் கடைசி நாற்காலியில் இருந்தவர்தான் முனிரத்தினம்.

அவர் என்னிடம் உட்கார்ந்து தன் கதை எதையும் சொன்னதில்லை. பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி, விருது, எதற்கு மனுப் போட்டாலும் ஆறு செட் தாள் என் கடைக்கு வரும். ஒரு மனிதருடைய வாழ்க்கை இத்தனை வருடமாக என் மெஷின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்திருக்கிறது. எழுத்துக்கூட்டித் தெலுங்கு படிக்கக் கற்றதே அவர் தாள்களை வைத்துத்தான்.

புத்தலப்பட்டுப் பக்கத்தில் நிலமில்லாத வீட்டில் பிறந்தவர். அப்பா மற்றவர்களுடைய கரும்பைக் காய்ச்சிக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக வெல்லம் வாங்குவார். ஒரு தடவை அந்த வெல்லத்தை மண்டி வியாபாரியிடம் கொடுக்காமல் தானே தெருவில் வைத்து விற்றிருக்கிறார். லைசென்ஸ் இல்லை என்று பிடுங்கிக்கொண்டு போய் ஓர் அலுவலகத்தில் வைத்துவிட்டார்கள். அப்பாவும் பிள்ளையுமாக நாள்தோறும் போய்க் கேட்டிருக்கிறார்கள். அதிகாரி கையெழுத்துப் போடுவதற்குள் மழை வந்துவிட்டது. அலுவலக ஜன்னலிலிருந்து எறும்புச் சாரை இறங்கிக்கொண்டிருந்ததாம். "எறும்புக்கு யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை" என்று பிற்பாடு எழுதினார். இந்த ஒரு வரியை வைத்துத்தான் அவருக்குப் பெயர் வந்தது.

உதவித்தொகையில் படித்தார். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஒருவனுடைய உடம்பும் உழைப்பும் அவனுக்கே சொந்தம், அவன் சம்மதம் இல்லாமல் அதைத் தொட ராஜாவுக்கும் உரிமையில்லை, ஓட்டுப் போட்டு வந்தவனுக்கும் உரிமையில்லை என்பது அவர் கொள்கை. பணக்காரர்களின் ஆள் என்று ஒரு கூட்டம் அவரைத் திட்டியது. தொழிற்சாலைக்காக விவசாயிகளின் நிலத்தை எடுத்தபோது, கொடுக்க மனமில்லாதவனிடம் எடுப்பதற்குப் பெயர் திருட்டு என்று எழுதினார். அப்போது பணக்காரர்கள் திட்டினார்கள். பெரிய பதவி ஒன்று அதனால் கைநழுவியது என்று பேச்சு. அரசு விருது ஒன்றை வேண்டாம் என்று எழுதிய கடிதமும் என் கண்ணாடி மேல் படுத்துத்தான் போனது.

கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மகளுடைய சான்றிதழ் நகல்களில் எல்லாம் அவர்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "ஒரு தாள் உண்மை என்று சொல்ல இன்னொரு மனிதன் வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா" என்று முனகிக்கொண்டே போடுவார். நன்றி சொல்லிவிட்டு வருவேன். வரும் வழியெல்லாம் அந்தக் கையெழுத்தின் அழகைப் பார்த்து எரிந்துகொண்டே வருவேன்.

4

மகளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தேன். தெலுங்கில் ழகரம் இல்லை. பள்ளியில் தேன்மொலி ஆனாள். ஜாதிச் சான்றிதழில் தேன்மோளி. ரேஷன் கார்டில் யாரோ களைத்துப்போய் தேன்மணி என்று எழுதிவிட்டார்கள். மூன்று பேரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க நான்கு மாதம் அலைந்தேன். அவள் எண்ணுவது தெலுங்கில், கோபித்துக்கொள்வது தெலுங்கில். இடித்துக்கொண்டால் மட்டும் "அம்மா" என்கிறாள். அது எந்த மொழி என்று கண்டுபிடிக்க முடியாது.

படிப்பில் கெட்டி. எம்.ஏ.வுக்கு அவர் துறையிலேயே சேர்ந்தாள். அதன் பிறகு வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் "சார் சொன்னாரு" என்றுதான் முடியும்.

"ஒருத்தரோட ஒழப்பு அவுங்களுக்குத்தான் நைனா சொந்தம். வேற யாருக்கும் அதுல பங்கு இல்லன்றாரு சார்" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது.

வசந்தா தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "உங்க சாருகிட்ட சொல்லு. என் ஒழப்புல பங்கு துன்னாத ஆளு இந்தத் தெருவுலயே இல்ல."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் நான் சொன்ன எதையாவது இவள் வெளியே போய் "எங்க நைனா சொன்னாரு" என்று சொல்லியிருப்பாளா என்று யோசித்தேன். சொல்லும்படியாக நான் எதுவும் பேசியதில்லை என்பதும் ஞாபகம் வந்தது. அன்று தோசை இறங்கவில்லை.

படிப்பு முடிந்ததும் அரசுத் தேர்வு எழுதினாள். நான் கெஞ்சியதால் எழுதினாள். தேறிவிட்டாள். குப்பம் பக்கம் ஒரு கிராமச் செயலகத்தில் வேலை, பதினைந்து நாளுக்குள் சேரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை நான் இருபது பிரதி எடுத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அவள், "சேரப் போறதில்ல நைனா" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். மிரட்டினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், வசந்தாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். உனக்குத் தெரியாததா என்பதுபோல மகள் என்னைப் பார்த்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்கா தெரியாது? எல்லாம் அந்த ஆளின் வேலை. மாதம் பிறந்தால் அரசாங்கச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, என் மகளுக்கு மட்டும் அரசாங்கம் வேண்டாம் என்று ஓதியிருக்கிறார். பன்னிரண்டு நாள் போய்விட்டது.

5

பதின்மூன்றாம் நாள் கடையைச் சாத்திவிட்டு அவர் அறைக்குப் போனேன். அதே கட்டடம், அதே படி. இந்தத் தடவை முழுக்க ஏறினேன்.

அவர் புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். "ரண்டி, ஏகாம்பரம் காரு" என்று வரவேற்று, நாற்காலியில் இருந்த புத்தகக் கட்டை எடுத்துக் கீழே வைத்தார். உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனதில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், வாயைத் திறந்ததும், "நீங்கள் சொன்னால் என் பெண் கேட்பாள் சார்" என்றுதான் வந்தது. பேச்சு தெலுங்கில் நடந்தது. இப்போது எனக்கு அது நன்றாக வரும்.

"மூன்று தடவை சொல்லிவிட்டேன், போய்ச் சேர் என்று. அவள் திருப்பிக் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை" என்றார்.

பிறகு அந்தக் கட்டுகளிலிருந்து தன் புத்தகம் ஒன்றை உருவி, பக்கத்தைப் பிரித்து, எனக்காக மெதுவாகப் படித்தார். ஜெராக்ஸ் கடையில் கூலிக்கு நிற்கும் ஒரு வெளியூர்க்காரன். கையில் ஒன்றுமில்லாதவன். அரசு வேலையை முன்னால் நீட்டி, இது உனக்குத் தேவையா என்று கேட்கிறார்கள். கோபமில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, எனக்குத் தேவையில்லை என்கிறான். மறுபடி கேட்டபோது இன்னும் பணிவாக அதையே சொல்கிறான். சுதந்திரமான மனிதன் எப்படி இருப்பான் என்று நான் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு நேரில் பார்த்துவிட்டேன் என்று அந்தப் பக்கம் முடிந்தது.

"பெயர் போடவில்லை. நீங்கள்தான்" என்றார். "இதை வருடாவருடம் வகுப்பில் சொல்வேன். உங்கள் மகள் படித்த வருடம் அவள் முன்வரிசையில் இருந்தாள். ஜெராக்ஸ் கடை என்றதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டாள், நானும் ஆமாம் என்றேன். இப்போது போய்ச் சேர் என்றால், எங்கள் நைனா வேண்டாம் என்ற அரசாங்க வேலையை நான் எப்படி சார் வாங்குவேன், நீங்கள் மட்டும் வாங்கிக்கொண்டீர்களே என்றாள்."

அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை நானே ஒரு தரம் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

அவர் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நிஜத்தைச் சொல்கிறேன் ஏகாம்பரம் காரு. உங்கள் கடைக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் எழுதினேன். நீங்கள் செய்தீர்கள்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்லின் அர்த்தம், ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லவில்லை. கூச்சம் என்று உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. எனக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை பிடித்திருந்தது. "வருகிறேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வாசல்வரை பெரிய மனிதனாக நடந்தேன். சாலையைக் கடக்கும்போதுதான் புத்தி வந்தது. அந்தப் பக்கத்தில் நான் நிமிர்ந்து நிற்கிறவரை என் மகள் குப்பத்துக்குப் போகமாட்டாள். இவ்வளவு நாள் ஏங்கிக்கொண்டிருந்தது கைக்கு வந்திருக்கிறது. எங்க நைனா சொன்னாரு என்று அவள் வெளியே போய்ச் சொல்லிவிட்டாள். நான் சொன்னதாக அவள் நம்புவதோ நான் சொல்லவே நினைக்காத ஒன்று.

6

மறுநாள் காலையில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து துணியைப் பிழிந்து எடுத்துக் கொடுப்பவன்போலப் பக்கத்தில் நின்றேன்.

"சாரு புக்குல எழுதிக்கிறது நான் இல்ல தேனு."

"நீதான் நைனா. அவரே சொன்னாரு."

"ஆளு நான்தான். அர்த்தம் என்னுது இல்ல."

சொன்னேன். அவர்கள் கேட்டது, நான் புரிந்துகொண்டது, சொன்னது, அந்தக் கோடு, தபால்காரர், திருப்பிக் கொண்டு ஓடிய அந்த ஒரு பக்கம். இரண்டு மொழியும் தெரிந்தவள் என்பதால் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. முதலில் சிரித்தாள். ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அப்போ உனுக்கு அந்த வேல வேணும்னுதான் இருந்துதா?"

"இருந்துது. யூனிபார்ம் துணிகூட பாத்து வெச்சிருந்தா உங்கம்மா. அந்தக் கட்டடத்த பாத்துக்கினேதான் இத்தினி வருசமா கடைல நிக்கிறேன். உங்க சாரு அதுக்குள்ள போறத பாக்கும்போதெல்லாம் எனுக்கு வயிறு எரியும்."

பெற்ற பிள்ளையிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு பாவாடையை இரண்டு தரம் உதறினாள். அதில் தண்ணீர் எதுவும் மிச்சமில்லை.

"பிரெண்ட்ஸுங்ககிட்ட எவ்ளோ பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன் தெரியுமா" என்றாள். நான் வாளிக்குள் பார்த்தேன். அவள் என்னிடமிருந்து எதையோ திரும்ப எடுத்துக்கொள்வது தெரிந்தது. எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் மாடி ஏறி வந்திருந்தேன். இருந்தாலும் வலித்தது.

கடைசித் துணியைப் போட்டு, கிளிப்பை மாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"சேர்றேன். உனுக்காக இல்ல, அவருக்காகவும் இல்ல. போயி பாக்கறேன். புடிக்கலன்னா உட்டுட்டு வந்துடுவேன். அப்போ யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

கேட்கமாட்டேன் என்றேன். குப்பத்தில் பெண்கள் விடுதி எங்கே இருக்கிறது, ரயிலில் போவதா பஸ்ஸில் போவதா என்று பேசிக்கொண்டே இறங்கினோம். பாதிப் படியில் நின்றாள்.

"சாருகிட்ட சொல்லணும் நைனா. புக்குல தப்பா கீது. அடுத்த தரம் அச்சடிக்கும்போது மாத்திக்குவாரு."

"அவருகிட்ட சொல்லாத."

"ஏன்? தப்புன்னா திருத்த வாணாமா?"

அவளுக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையான காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன். ஓய்வு பெற்றாலும் அவர் இந்தத் தெருவில்தான் இருப்பார். காய்கறி வாங்க என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்போதெல்லாம் அவர் வயிறும் கொஞ்சம் எரியட்டும். இத்தனை வருடம் நான் ஒருவனே எரிந்துகொண்டிருந்தேன்.